பனையிலிருந்து விழுந்தவன்

தை தாண்டாது என்கிறாள். என் பெண்டாட்டி பிரமுதான் சொல்கிறாள், என் தலைமாட்டில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு, ராகம் போட்டுச் சொல்கிறாள். 'தை தாண்டாதுன்னு டாக்டர் சொன்னாவளே, ஒங்ககிட்ட மறைச்சேனே, வெறும் புண்ணுன்னு பொய் சொன்னேனே, கஞ்சியும் கீரையுமா ஊத்தி ஏமாத்துனேனே.' நான் செத்துக்கிடக்கிறேன். அதாவது சினிமாவுக்குச் செத்துக்கிடக்கிறேன். என் தங்கச்சி மகன் கோமதிநாயகம் ஒரு பேய்ப்படம் எடுக்கிறான், குறும்படம், அதில் எனக்குப் பிண வேஷம். என் வீட்டுப் பெரிய கூடமான பட்டாலையிலேயே பெஞ்சைப் போட்டு, தெற்கே தலை வைத்து, வெள்ளை வேட்டியைப் போர்த்திக் கிடத்தியிருக்கிறான். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியாயிற்று. நாடியைத் தாங்கித் துணி கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாயிற்று. மூக்கில், மூச்சு விட இடம் விட்டு, பேருக்குப் பஞ்சு. நெற்றியில் ஒரு துட்டு, அது வியர்வையில் நழுவப் பார்க்கிறது. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, 'நான் கட் சொல்லுதவரை இமைகூட ஆடக்கூடாது மாமா' என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தான். ஆடவில்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் வேட்டி அசைந்திருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். என் புத்தியைப் பாருங்கள். இவள் நான் சாகப்போகிறேன் என்கிறாள், நான் வேட்டி அசைந்ததா என்று கவலைப்படுகிறேன்.

அவசரப்படக்கூடாது. நடிப்பாக இருக்கும். அழு என்றால் எதையாவது சொல்லித்தானே அழவேண்டும், சும்மா அழமுடியுமா. 'அத்தை, ஒங்களுக்கு வசனம் கிடையாது, வாயில வந்ததைச் சொல்லி அழுங்க' என்றுதான் கோமதி சொன்னான். வாயில் டாக்டர் வந்துவிட்டார், அவ்வளவுதான். சாயங்காலமானால் டிவி முன்னால் உட்காருகிறவள், சீரியலில் வாரத்துக்கு ஒருத்தருக்குப் பெரிய வியாதி வருகிறது, அதிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டிருப்பாள். இப்படித்தான் இருக்கும். ஆனால் படத்தில் நான் பனையிலிருந்து விழுந்து செத்தவன். அது இவளுக்குத் தெரியாதா? நேற்றுத்தான் பனங்காட்டில் வைத்து நான் விழுவதை எடுத்தார்கள், அதாவது என் சட்டையைப் போட்ட வைக்கோல் பொம்மை விழுவதை எடுத்தார்கள். இவள் தூக்குவாளியில் மோர் கொண்டுவந்து நின்று பார்த்தாள். பொம்மை கீழே விழுந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், இவள் மட்டும் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். பனையிலிருந்து விழுந்தவனுக்கு டாக்டர் எதற்கு? அவனுக்குப் புண் ஏது, தை ஏது, மறைக்க என்ன இருக்கிறது? விழுந்தான், செத்தான். கஞ்சி குடிக்கிறவன் அவனில்லை. தினமும் காலையில் உப்புக்கூடச் சரியாகப் போடாத கஞ்சியும் மணத்தக்காளிக் கீரையும் சாப்பிடுகிறவன் நான், சொரிமுத்து, மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஏறி ஓய்வுபெற்றவன், இந்த வீட்டுக்காரன், இந்தப் பொம்பிளைக்குத் தாலி கட்டியவன். அவள் பனையேறியைப் பற்றி அழவில்லை. எப்படிச் சுற்றி வந்தாலும் கடைசியில் அந்தக் கஞ்சிச் சட்டியில்தான் வந்து முட்டுகிறது.

படத்தின் கதையே அப்படிப்பட்ட கதை. எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. செத்தவனுக்குச் சுடுகாட்டில் குடம் உடைக்கிறவரை காது கேட்கும். அதனால் தலைமாட்டில் உட்கார்ந்து யாரும் பொய் சொல்லக்கூடாது. சுடலைமாடன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான், பொய் சொன்னவன் பின்னாலேயே அவன் வீட்டுக்குப் போய்விடுவான். கோமதி படத்தில் அண்ணன் வந்து பொய்யாய் அழுகிறான், கூட்டாளி வந்து பொய்யாய் அழுகிறான், ஒவ்வொருத்தன் பின்னாலும் மாடன் புறப்பட்டுப் போகிறான். பெண்டாட்டி ஒருத்திதான் உண்மையாய் அழுகிறவள், அவளை மாடன் ஒன்றும் செய்வதில்லை. 'அத்தை, நீங்க மட்டும் உண்மையா அழணும்' என்று அதனால்தான் சொன்னான் அந்தப் பயல். சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்திருக்க வேண்டாமா? இவளுக்குப் பிறந்த வீட்டுக் குலசாமியே சுடலைதான். கோயில் கொடை நடக்கும்போது இவளைப் பெற்ற ஐயா கையில் பந்தத்தோடு ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவள். வாசலில் மாடன் வேஷத்தில் நிற்கிறவர் நம்ம டீக்கடைக்காரர், தலையில் நீளக் குல்லாய், காலில் சலங்கை, கையில் செல்போன். எனக்கு அவர் டீக்கடைக்காரர். இவளுக்கு? இவளுக்கு அவர் யார் என்று நான் கேட்கவேயில்லை. காலையில் அவர் வேஷம் கட்டி வந்து நின்றதும் இவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

சிரித்தேன் என்றதும் அந்த ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது. பங்குனியில் ஆரம்பித்த வயிற்றுவலிக்குத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனார்கள், மருமகன் திருமலைக்குமார் கோயம்புத்தூரிலிருந்து லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தான். வயிற்றுவலிக்கு மருமகன் எதற்கு லீவு போடுகிறான் என்று அப்போதே கேட்டிருக்கலாம். நான் கேட்டது என்ன? வரும்போது ஆப்பிள் எதற்கு, பழனிப் பஞ்சாமிர்தம் வாங்கி வந்திருக்கலாமே என்று கேட்டேன். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் என்னைப் பார்த்து நன்றாகச் சிரித்தார். 'பெரியவரே, புண்ணுதான், காரம் சேக்காதீங்க, மாத்திரை எப்படிப் போடணும்னு அம்மாகிட்ட சொல்லிவிடுதேன், நீங்க வெளிய காத்தாட உக்காருங்க' என்றார். உட்கார்ந்தேன். வேப்பமரத்தடியில் நல்ல காற்று. பக்கத்தில் ஒருவர் கால் கட்டோடு இருந்தார், அவரிடம் நான் கம்பத்திலிருந்து விழாமலே வேலையை முடித்த கதையைச் சொல்லி அவரைச் சிரிக்கவைத்தேன். பிரமு வெளியே வந்தபோது முகமெல்லாம் ஈரம், முந்தானையில் ஈரம். கேட்டதற்கு, வெக்கையா இருந்துச்சு, குழாயில முகம் கழுவினேன் என்றாள். மருமகன் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். கல்யாணமானதிலிருந்து ஒரு தடவைகூட என் கையிலிருந்து பையை வாங்காதவன். நான் என்ன நினைத்தேன்? பையன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். ஐயோ, எவ்வளவு பெரிய மடையன் நான். எல்லாம் கண் முன்னால் நடந்திருக்கிறது, வேப்பங்காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

ஒப்பாரிக்கு வந்த பொம்பிளைகள் இப்போது சேர்ந்துகொண்டார்கள், அவர்கள் சத்தத்தில் இவள் சத்தம் அமுங்கி அமுங்கி வருகிறது. வரட்டும், ஒன்றும் காதில் விழவேண்டாம். ஆனால் காது அங்கேயேதான் போகிறது. 'சட்டையத் தச்சேனே, தெரியாமத் தச்சேனே' என்கிறாளா? சட்டையா? ஆமாம், சட்டை. போன மாதம் அந்தச் சந்தனக் கலர்ச் சட்டையைப் போடும்போது விலாப் பக்கம் தையல் நூல் புதுசாக இருந்தது. சட்டை பழசு, நூல் புதுசு. பிரிந்திருக்கும், தைத்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். பிறகு பார்த்தால் நீலச் சட்டையிலும் அப்படி, கட்டம் போட்டதிலும் அப்படி. ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் உள்ளுக்குப் பிடித்துத் தைத்திருக்கிறாள். நான் இளைத்துக்கொண்டே போகிறேன், சட்டை தொளதொளவென்று ஆனால் எனக்குத் தெரிந்துவிடும், தெரியக்கூடாது என்று என் பின்னாலேயே என் சட்டைகளைச் சின்னதாக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எப்போது தைத்தாள்? நான் மத்தியானம் தூங்கும்போதா? அந்தத் தையல் மிஷின் சத்தம் எனக்குத் தூக்கத்தில் கேட்டிருக்கிறது, தலையணை உறை தைக்கிறாள் என்று புரண்டு படுத்திருக்கிறேன். அழவேண்டும் போல இருக்கிறது. பிணம் அழக்கூடாது. கண்ணில் தண்ணீர் வந்தால் கேமராவில் பளிச்சென்று தெரியும், கோமதி அதைச் சொல்லியே எச்சரித்தான். இமைக்கு உள்ளே சூடாக என்னவோ சேருகிறது, அதை உள்ளேயே வைத்திருக்கிறேன்.

அவள் சண்டை போடுவதை நிறுத்தியது எப்போது? நான் ஒன்று சொன்னால் ரெண்டு சொல்கிறவள் அவள். ஒன் ரசத்தைக் குடிச்சா எமனே ஓடிருவான்டி என்பேன், அப்ப தெனமும் குடிங்க, நூறு வயசு இருப்பிய என்பாள் உடனே. அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு ஒருநாள் அதே ரசத்துக்கு அதே வார்த்தையைச் சொன்னேன். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள், ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குள் போனாள். வயசாகிறது, பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், எதிர்வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். மகள் உலகம்மாள் முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை போன் பண்ணுவாள், இப்போது தினமும் பண்ணுகிறாள். என்ன சாப்பிட்டிய அப்பா, தூங்கினியளா அப்பா. நான் என்ன பச்சைப்பிள்ளையா என்று வள்ளென்று விழுந்தால் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம், சளி பிடிச்சிருக்குப்பா என்பாள். மாசக்கணக்காகச் சளியா? எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இந்த வீட்டில் தெரியாதவன் நான் ஒருத்தன், அப்புறம் கோமதி ஒருத்தன். அவனுக்குத் தெரிந்திருந்தால் என்னைப் பிணமாகப் படுக்கவைத்திருக்கமாட்டான். நல்ல பையன் அவன், பாவம், இனிமேல் இதைத் தெரிந்துகொண்டு எப்படித் தாங்குவான்? கோபம்கூட வருகிறது எனக்கு. என் சாவை என்னிடம் மறைக்க இவர்களெல்லாம் யார்? எழுந்து உட்கார்ந்து கத்தவேண்டும். நாடியைக் கட்டியிருக்கிறது, கத்தவும் முடியாது. அதோடு கத்துவதற்கு எனக்கு உண்மையில் தைரியமும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வலது விலாவுக்குக் கீழே அந்த இடம், அது இப்போது சும்மாதான் இருக்கிறது, வலிக்கக்கூட இல்லை, ஆனால் அங்கே ஒரு ஆள் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

பிண வேஷம் என்றதும் அவள் குதித்த குதியை இப்போதல்லவா நினைக்கிறேன். 'ஏய்யா, ஊர்ல வேற ஆளே கிடைக்கலியா ஒனக்கு? கொள்ளி வைக்கிற மாதிரி ஒரு படம், அதுக்கு ஒங்க மாமாதான் கிடைச்சாவளா? மாடன் வேஷம் குடு, அண்ணன் வேஷம் குடு, இது வேண்டாம்யா.' நான்தான் விடவில்லை. வசனம் பேசவேண்டாம், வெயிலில் நிற்கவேண்டாம், படுத்துக்கிடந்தால் போதும், எனக்கென்றே பிறந்த வேஷம் என்று கேலி பேசினேன். நெசமா சாகும்போது பழக்கம் இருக்கும்லா என்றேன். சொன்னேனே, அந்த வார்த்தையை இந்த வாயால் சொன்னேனே. அவள் முகம் வெளுத்துப்போய்விட்டது. சாமி நம்பிக்கை, பொம்பிளைப் பயம் என்று நினைத்தேன். பெண்டாட்டி வேஷத்துக்குக் கோமதி அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு நாடகக்காரியை ஏற்பாடு செய்திருந்தான். அதைக் கேட்டதும்தான் இவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். 'அவுக தலைமாட்டுல வேற ஒருத்தி உக்காரக்கூடாது. பொய்க்கும் உக்காரக்கூடாது. நான்தான் உக்காருவேன்' என்றாள். எல்லோரும் சிரித்தோம். அத்தைக்கும் நடிக்க ஆசை வந்துட்டு என்று கோமதி சிரித்தான். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

'கட்!' கோமதியின் சத்தம். ஒப்பாரி சட்டென்று நிற்கிறது, எவளோ ஒருத்தி வெற்றிலையைத் துப்ப ஓடுகிறாள். 'மாமா, நீங்க எந்திரிக்காதிய, அப்படியே கெடங்க, வெளிச்சம் மாறிரும். அத்தை! பிரமாதம் அத்தை, எனக்கே அழுகை வந்துட்டு. ஆனா ஒரேயொரு தப்பு. நடுவுல டாக்டர் வந்துட்டாவ. மாமா பனையில இருந்து விழுந்துல்லா சாவுதாவ? பனையில இருந்து விழுந்தவுகளுக்கு டாக்டர் எதுக்கு? தைமாசம் எதுக்கு?' பட்டாலை முழுக்கச் சிரிப்பு. வாசலிலிருந்து மாடன்கூடச் சிரிக்கிறார், சலங்கை குலுங்குகிறது. 'எந்த சீரியல்ல பாத்திய அத்தை?' என்று கேமராக்காரப் பையன் கேட்கிறான். அதற்கும் சிரிப்பு. சிரிக்காதவர்கள் இந்த வீட்டில் ரெண்டு பேர்தான், ஒருத்தி என் தலைக்குமேல் உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தன் படுத்திருக்கிறான். அவள் செருமிக்கொள்கிறாள். பிறகு மெதுவாக, 'தெரியாமச் சொல்லிட்டேன்யா. இனிமே சொல்லல' என்கிறாள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அது நடிக்கிறவள் குரல் இல்லை. பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவளுக்கு வருகிற குரல்.

'அஞ்சு நிமிஷம் எல்லாரும் தண்ணி குடிச்சிட்டு வாங்க' என்கிறான் கோமதி. ஆட்கள் நகர்கிறார்கள், டம்ளர் சத்தம், யாரோ மின்விசிறியைப் போடுகிறார்கள், லைட் ஆடும் நிறுத்து என்று யாரோ கத்துகிறார்கள். பிரமு நகரவில்லை. என் நெற்றித் துட்டை விரலால் நேராக்குகிறாள். விரல் ஜில்லென்று இருக்கிறது, நடுங்குகிறது, துட்டு நேராகாமல் மறுபடி மறுபடி நழுவுகிறது. என் முகத்துக்கு மேல் குனிந்திருக்கிறாள் என்று மூச்சிலிருந்து தெரிகிறது. பார்க்கிறாள். நான் கேட்டேனா என்று பார்க்கிறாள். இமையைத் திறந்தால் போதும், தெரிந்துவிடும். நான் திறக்கவில்லை. பிணமாகக் கிடப்பது எவ்வளவு வசதி என்று இப்போதுதான் தெரிகிறது, யாருக்கும் பதில் சொல்லவேண்டாம். தெரிந்தே சொன்னாளா? நேருக்கு நேர் சொல்ல முடியாததை இப்படி ராகம் போட்டுச் சொல்லிவிடலாம் என்று திட்டம் போட்டாளா? இல்லை. திட்டம் போட்டவளுக்கு விரல் இப்படி நடுங்காது. உண்மையாய் அழு என்றான் அவன், வாசலில் சுடலை நின்றான், முன்னால் நான் வேட்டி போர்த்திக் கிடந்தேன், அவளுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. கொஞ்ச நேரத்துக்கு நான் நிஜமாகவே செத்துப்போயிருக்கிறேன் அவளுக்கு. இத்தனை மாதமாக ராத்திரியும் பகலும் தனியாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்து கொட்டிவிட்டது. என் தலைமாட்டில் உட்காருவது அவளுக்கு இது முதல் தடவையே இல்லை. நான் தூங்கும்போதெல்லாம் உட்கார்ந்து பழகியிருக்கிறாள்.

மறுபடி கேமரா. 'ரெடி மாமா? மூச்சை அடக்கிக்கோங்க.' பிரமு ஆரம்பிக்கிறாள். இப்போது ராகம் சரியாக இருக்கிறது, வார்த்தையும் வரிசையாக வருகிறது. 'பனை ஏறிப் போனியளே, பாதியில விழுந்தியளே, ஒத்த மரம் ஒண்ணு ஒங்கள வாங்கிக்கிட்டே. ஒரு சுடுசொல்லு சொல்லாத ராசா, ஒரு நாளும் என்னைய வையாத ராசா.' முதல் தடவை சொன்னது நடிப்பாக இருந்தால் இந்தத் தடவையும் ஏதாவது ஒரு கிறுக்குத்தனம் கலந்து வந்திருக்கும். கலக்கவில்லை. அளந்து அளந்து சொல்கிறாள். டாக்டர் வரவில்லை, கஞ்சி வரவில்லை, சட்டை வரவில்லை. சுடுசொல் சொல்லாத ராசாவாம்! கல்யாணத்தன்றைக்கே பந்தியில் பாயசம் தீர்ந்ததற்கு இவள் அண்ணனைப் பிடித்துக் கிழித்தவன் நான். பொய்யென்றால் இதுதான் பொய். அவள் இப்போது பொய் சொல்கிறாள், முன்னால் சொன்னது உண்மை. அவ்வளவுதான், தீர்ந்தது, இனிமேல் எந்தப் பக்கமும் ஓட வழியில்லை. தை. இப்போது ஆவணி. நடுவில் எத்தனை மாதம் என்று எண்ண ஆரம்பிக்கிறேன், எண்ணக்கூடாது என்று நிறுத்துகிறேன், நிறுத்தினாலும் மாதங்கள் தாமாக வந்து நிற்கின்றன, புரட்டாசி, ஐப்பசி. தீபாவளிக்கு மகள் வருவாள். மாடியில் தண்ணீர்த் தொட்டி கசிகிறது, அதை அடைக்கவேண்டும். இவளுக்கு பியூஸ் போடத் தெரியாது. கம்பத்தில் ஏறுகிறவன் பெண்டாட்டிக்கு பியூஸ் போடத் தெரியாது, நான் இருக்கிறேனே என்று சொல்லிக்கொடுக்கவில்லை. கரண்டு போனால் என்ன செய்வாள்? இருட்டில் உட்கார்ந்திருப்பாளா? அதை நினைத்ததும் முதல்முறையாக எனக்கு என்னைப் பற்றிய பயம் விட்டு, அந்த இருட்டு அறையில் அவள் உட்கார்ந்திருப்பது வந்து முழுசாக நிற்கிறது.

'கட்! ஓகே! முடிஞ்சுட்டு!' கைதட்டல். கால் கட்டை யாரோ அவிழ்க்கிறார்கள். எழுந்திருக்கப் பார்க்கிறேன், கோமதி ஓடிவருகிறான். 'மாமா, எந்திரிச்சிராதிய! பிணமா நடிச்சவுகள அப்படியே எழுப்பக்கூடாது. கேமராவைப் பாத்து நல்லாச் சிரிக்கணும், அதை ஒரு ஷாட் எடுத்துக்கிட்டுத்தான் எழுப்பணும். சென்னையில பெரிய பெரிய படத்துலயே அப்படித்தான் செய்யுதாங்க. தோஷம் கழிஞ்சிரும்.' அதைக் கேட்டதும் பிரமு பதறுகிறாள். 'எடுய்யா, நல்லா எடு. ரெண்டு தடவை எடு. முகம் தெரிய எடு' என்கிறாள். நாடிக் கட்டை அவளே அவிழ்க்கிறாள். முடிச்சு வரவில்லை, பல்லை வைத்து இழுக்கிறாள், அவள் மூச்சு என் நெற்றியில் படுகிறது. துணி விலகியதும் கண்ணைத் திறக்கிறேன். தலைமாட்டில் இருப்பதால் அவள் முகம் தலைகீழாகத் தெரிகிறது. அழுத கண், வீங்கிய இமை. கோமதி கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிற நேரத்துக்குள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி கேட்கிறாள்.

'கேட்டுச்சா?'

தூங்கிட்டேன் என்று சொல்லலாம். நம்புவாள். கம்பத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே தூங்குகிறவன் என்று பேர் எடுத்தவன் நான், நம்பத்தான் அவளும் ஆசைப்படுகிறாள், அந்தக் கண்ணிலேயே தெரிகிறது. சொல்லிவிட்டால் நாளைக்கும் கஞ்சி, நாளைக்கும் புண்ணு, எனக்கு ஒன்றுமில்லை என்று நான் சிரித்துக்கொண்டிருக்கலாம், தை வருகிறபோது வரட்டும். அவள் மத்தியானத்தில் யாருக்கும் தெரியாமல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, தூங்கிட்டேன் பிரமு என்று. அதைச் சொல்லமுடியவில்லை. நேராகவும் சொல்லமுடியவில்லை, எனக்கு நேராக எதையும் சொல்லிப் பழக்கமில்லை.

'ஏல கோமதி,' என்கிறேன். குரல் கரகரவென்று வருகிறது. 'இந்தச் சிரிப்பைக் கிட்டத்துல வச்சு நல்லா எடுல. எடுத்து அத்தைகிட்ட குடு. பெரிசு பண்ணி, சட்டம் போட்டு வச்சுக்கிடட்டும். தை மாசம் மாலை போட ஒரு போட்டா வேணும்லா?'

'மாமாவுக்கு லொள்ளைப் பாரு!' என்று கோமதி விழுந்து விழுந்து சிரிக்கிறான். ஒப்பாரிக்காரிகள் சிரிக்கிறார்கள், கேமராக்காரப் பையன் சிரிக்கிறான். பிரமுவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு அவள் கை வந்து என் வாயை மூடுகிறது, முழுக் கையாலும் அழுத்தி மூடுகிறது, அவளுடைய உடம்பு முழுக்க ஆடுவது அந்தக் கை வழியாக எனக்குத் தெரிகிறது. நான் என் கையைத் தூக்கி அதன்மேல் வைக்கிறேன்.

'அத்தை, கையை எடுங்க. மாமா சிரிப்பே தெரியல' என்கிறான் கோமதி, கேமராவுக்குள் பார்த்துக்கொண்டு.

அவள் எடுக்கவில்லை. நான் அந்தக் கைக்குள்ளேயே சிரிக்கிறேன்.